தொப்புளைச் சுத்தி ஊசி

தினமும் ஊசி குத்த வயித்துல இடம் தேடறதே எனக்குப் பெரும்பாடு. தொப்புளைச் சுத்தி எங்க பார்த்தாலும் கன்னிப்போயி ஊதா, பச்சை, மஞ்சள். ரத்தம் உறையாம இருக்கப் போடற ஊசி. டெஸ்ட் டியூப்ல ரெண்டு தடவை கரு தங்கி, ரெண்டும் கலைஞ்சு போச்சு. மூணாவது தடவை டாக்டரம்மா இதை எழுதிக் கொடுத்தாங்க. "இதனாலதான் நிக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா, சிலருக்கு உதவுது"ன்னாங்க. உறுதி இல்லாததை எப்படிப் போடறது? போட ஆரம்பிச்சதை எந்த தைரியத்துல நிறுத்துறது? வசமா மாட்டிக்கிட்டேன்.

ஒரகடத்துல கார் வயர் கட்டுற லைன்ல வேலை. செகண்ட் ஷிப்ட்னா, டீ பிரேக்ல ரெஸ்ட் ரூம் கதவைச் சாத்திக்கினு குத்திக்குவேன். கொஞ்சம் லேட்டானா சூப்பர்வைசர், "இன்னாம்மா, உள்ளயே தூங்கிட்டியா?"ன்னு கத்துவான். தூங்குறேனாம், தூக்கம்! வூட்லயும் பாத்ரூம்தான். எங்க அத்தைக்கு, அதான் வூட்டுக்காரரோட அம்மாவுக்கு, டெஸ்ட் டியூப் விஷயமே தெரியாது. சொல்லக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கிட்டாரு.

அது வினையா வந்து முடிஞ்சுது. வயித்துல தங்கினா மருமக நாக்குல அலகு குத்துவான்னு அத்தை அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டாங்களாம். வேண்டுதல் அவங்களோடது, நாக்கு என்னோடது! எனக்கு மூணு மாசம் முடியறப்போ ஆடி பொறந்துடுச்சு. இந்த ஊசி போடற உடம்புல குத்தினா ரத்தம் லேசுல நிக்காது. குத்தலன்னா, நாளைக்குக் குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி என் தலையில. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அவருகிட்ட சொன்னா, "பார்த்துக்கலாம்"னாரு. எதைப் பார்ப்பாரு, என் நாக்கையா?

கூழ் ஊத்துற அன்னைக்கு மஞ்சப் புடவை கட்டிக்கினு வரிசையில நின்னேன். பூசாரி சின்ன வெள்ளி அலகைக் கையில எடுத்ததும் வரிசையை விட்டு வெளிய வந்துட்டேன். அத்தையைக் கையைப் பிடிச்சு பந்தலுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போயி, முந்தானையை விலக்கிக் காட்டினேன்.

"அய்யய்யோ! அவனா அடிச்சான்?"

"யாரும் அடிக்கல அத்தை." டெஸ்ட் டியூப், ஊசி, ரத்தம், எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அத்தை குனிஞ்சு வயித்துல கன்னிப்போன இடத்தைத் தடவிப் பார்த்தாங்க. "ஊசி போட்டா தங்கும்னு டாக்டரு அடிச்சு சொன்னாங்களா?"

"இல்ல அத்தை. ஆனா விட பயமா இருக்கு."

"ஆத்தாவும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. எனக்கும் விட பயமாத்தான் இருக்குது."

முந்தானையை அவங்களே இழுத்து மூடிவிட்டாங்க. விடுவிடுன்னு போயி நான் நின்ன இடத்துல நின்னாங்க.

"மருமகளுக்குன்னு சொன்னீங்களே?"ன்னு பூசாரி கேட்டாரு.

அத்தை அதுக்குள்ள நாக்கை நீட்டிட்டாங்க. பேச முடியாம, குத்துன்னு கையால காட்டினாங்க.