அம்மாவுக்கு என்ன நோய் என்று டாக்டர் கேட்டார்

வெயில் என்றுதான் முதலில் நினைத்தேன். பங்குனி மாதத்து ஆம்பூரில் வியர்க்காதவர் யார்? ஆனால் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஷூ தைத்துக்கொண்டிருந்தவர்களின் முகம் காய்ந்துதான் இருந்தது. எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்தில் ஏறி, காது மடல்வரை கொதித்தது. இரண்டே நிமிடம். அதற்குள் ரவிக்கை நனைந்து, தைத்துக்கொண்டிருந்த வெளிர்நிற ஷூத் தோலில் மூன்று சொட்டு விழுந்துவிட்டது. அந்த வகைத் தோலில் ஈரம் பட்டால் கறை போகாது. அந்த ஜோடி ரிஜெக்ட்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கர்ப்பப்பையை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நார்க்கட்டி (கர்ப்பப்பைச் சுவரில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி) இருந்ததால் மாதத்தில் பாதி நாள் உதிரம் போய்க்கொண்டிருந்தது. அறுவைக்கு முன் டாக்டர் கேட்டார்: "சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கு. விட்டுடலாமா?" சினைப்பை என்பது கருமுட்டை உருவாகும் இடம். ஹார்மோன் (உடம்பை உள்ளிருந்து நடத்தும் சுரப்பு) வருவதும் அங்கிருந்துதான். இது எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனியில் என் லைனில் தைக்கும் பெண்கள் சொல்லி அனுப்பியதுதான்: "மிச்சம் வெச்சா மறுபடியும் பேஜாரு. எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒரே லீவுல முடிச்சிட்டு வா." இரண்டாவது முறை லீவு எடுத்தால் நம் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க மேடம்" என்றேன்.

"யோசிச்சு சொல்லும்மா."

"யோசிச்சிட்டேன்."

எங்கே யோசித்தேன்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது போல இருக்கிறது.

அதன் பிறகு தூக்கம் போயிற்று. காலையில் கம்பெனி பஸ்ஸின் படி ஏறவே முழங்கால் மறுத்தது. சாதாரணப் பேச்சுக்கெல்லாம் கத்தினேன், கத்திவிட்டு அழுதேன். கணவர் நெருங்கினால் வலித்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலைவலி என்றேன். கடைசியில் சூப்பர்வைசர் என்னைத் தையலிலிருந்து எடுத்துப் பெட்டி மடிக்கிற வேலைக்குப் போட்டார். பதினெட்டு வருடம் தைத்த கைக்கு அட்டைப்பெட்டி! எந்த வேலைக்காக ஒரே லீவில் முடித்தேனோ, அந்த வேலையே போயிற்று.

ஆடி மாதம் வேலூருக்குப் போனேன். ஒரு பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பத்து வருடத்தில் மெல்ல மெல்ல வர வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது என்றார். இப்படியே விட்டால் எலும்பும் இதயமும் சீக்கிரம் கெடுமாம். ஹார்மோன் மாற்று சிகிச்சை (உடம்பு சுரக்காத ஹார்மோனை மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ கொடுப்பது) இருக்கிறது, உங்கள் வயதுக்கு அது நல்லது என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"குடும்பத்துல யாருக்காவது மார்புப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய்?"

"இல்ல மேடம்."

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல. எனக்குப் பதினாலு வயசுல செத்துட்டாங்க. அவங்களுக்கு முப்பத்தாறு. காமாலைன்னு சொன்னாங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சொன்னாங்களா? வீட்ல நல்லா கேட்டுட்டு வாங்கம்மா. அதுக்கப்புறம் எழுதறேன்."

வாலாஜாபேட்டையில் தனியாக இருக்கும் அப்பாவிடம் போனேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, அம்மாவுக்கு இன்னா நோவு?"

"காமாலைதான். ஊருக்கே தெரியுமே."

"எனக்கு மாத்திரை குடுக்கணும் நைனா. டாக்டரு கேக்கறாங்க. நெசத்தைச் சொல்லு."

ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பிறகு அங்கே பார்த்தபடியே சொன்னார்: "மார்ல கட்டி. ஒரு பக்கம் எடுத்தாங்க. அப்புறம் ஈரலுக்குப் போய்ட்ச்சு. கண்ணெல்லாம் மஞ்சளாச்சு. அதான் காமாலைன்னு சொன்னோம்."

"என்கிட்டகூடவா சொல்லக்கூடாது?"

"ஒரே பொட்டப் புள்ளைய வெச்சிக்கினு எப்படிச் சொல்றது? தெரிஞ்சா எவன் கட்டுவான் உன்ன?"

அம்மா எப்போதும் மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டு போட்டிருப்பாள். அடக்கமான பொம்பளை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பாவின் மேல் வந்த கோபத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "அம்மாவுக்கு இருந்துதுங்கறதாலேயே மாத்திரை கூடாதுன்னு இல்ல. ஆனா ரொம்பச் சின்ன வயசுல வந்திருக்கு. மரபணுப் பரிசோதனை (பரம்பரையாக வரும் நோய்க்கூறு உண்டா என்று ரத்தத்தில் பார்ப்பது) பண்ணிட்டு முடிவெடுப்போம். அந்தக் கூறு இருந்தா சினைப்பையிலயும் புற்றுநோய் வரலாம், அப்போ அதை எடுத்ததே உங்களுக்கு நல்லதுன்னு ஆகும். உங்க பொண்ணுக்கும் பார்க்கணும்."

கடைசி வார்த்தைதான் என் காதில் நின்றது. கீர்த்தனா என் ஒரே மகள். இருபத்தொரு வயது. ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்து பேச்சு நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்பப் போயி டெஸ்டு கிஸ்டுன்னு கிளம்பாத. மொதல்ல கல்யாணம் முடியட்டும். பையன் வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?"

அவர்மேல் பழி போட மாட்டேன். நானும் தலையாட்டினேன். அப்பாவைத் திட்டிவிட்டு வந்த அதே வாயை மூடிக்கொண்டேன். ரத்தம் கொடுக்கவில்லை, அதனால் மாத்திரையும் இல்லை. நான்கு மாதம் வெந்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு காமாலையோ வயிற்றுவலியோ வீட்டில் சொல்லப்பட்டிருந்தால், சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பதைக் கீர்த்தனா பார்த்தாள். "இன்னாம்மா, இவ்ளோ கஷ்டப்படற? மாத்திரை இருக்குதுன்னு சொன்னாங்கல்ல? ஏன் வாங்கல?"

பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. எனக்கு ஒத்துக்காதாம் என்று சொன்னால் போதும், அவள் நம்பியிருப்பாள். ஆனால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆயாவுக்குக் காமாலைன்னு சொன்ன?"

"நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆடி மாசம்."

விரல் விட்டு எண்ணினாள். நான்கு விரல். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் மொள்ளும் சத்தமும் இல்லை. என் உடம்பு நாற்பத்தொன்றிலேயே கிழடாகிவிட்டது என்று இத்தனை மாதம் அழுதேனே, இருபத்தொரு வயதில் என் பெண் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது, அந்த அழுகையெல்லாம் எனக்கே கூச்சமாகப் போயிற்று. கதவுக்கு வெளியே உடம்பெல்லாம் வேர்த்து நின்றேன்.

வெகுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, கட்டின்னா கைக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது என்றேன்.