ஒட்டகம், ஆந்தை, என் மகள்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் பதற்றம் தீரவில்லை. என் கையெழுத்து புரியவில்லை என்று அச்சுக் கோப்பவர் கோபித்துக்கொண்டால், காரணம் இதுதான்.

என் மகள் மல்லிகா நாலாம் வகுப்பு. 'ஒட்டகத்தையும் ஆந்தையையும் ஒப்பிடுக' என்று வீட்டுப்பாடம். எந்த மகராசி டீச்சர் இந்த ஜோடியைப் பிடித்தாரோ!

"ரெண்டுக்கும் என்னம்மா ஒத்துமை?"

காலை நேரம். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கென்னடி தெரியும்? போய் ஒட்டகத்தையே கேளு!" என்றேன்.

பதினொரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டால்... ஆளைக் காணோம்.

வேலப்பன்சாவடியில் எங்கள் தெருக்கோடியில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று உண்டு. முதலில் ஓடியது அங்கேதான். குனிந்து பார்த்த அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

திரும்பி வந்தால் பாயின் மேல் அவள் நோட்டு. ஆந்தைக்குக் கீழே, 'பகலில் தூங்கும். கழுத்தைப் பின்னால் திருப்பும். பக்கத்து வீட்டு அத்தை துடைப்பத்தால் விரட்டுவார்.' ஒட்டகத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு நாளாக ஓர் ஒட்டகம் நிற்பதாகத் தெருவெல்லாம் பேச்சு. அடிப்பாவி... நிஜமாகவே கேட்கப் போய்விட்டாளா? லாரி பறக்கும் ரோட்டில், தனியாக, நடந்தா?

பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். காலில் செருப்பில்லை என்பதே அங்கேதான் தெரிந்தது. டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பச்சப் பாவாட போட்ட பொண்ணா? அதோ குந்திகினு கீது பாரு. ஒரு மணி நேரமா ஒட்டகத்தாண்ட பேசிகினே கீது. பாவம், அது பதில் தெரியாம முழிக்குது!"

படுத்திருந்த ஒட்டகத்தின் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். அடிக்கத்தான் கையை ஓங்கினேன்.

"உஸ்... கத்தாதம்மா, அது தூங்கப் போவுது. நீதான கேக்கச் சொன்ன?"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஒத்துமை கண்டுபிடிச்சிட்டேன்மா! கண்ணுக்குள்ள வெள்ளையா இன்னொரு இமை குறுக்கால வந்துட்டுப் போவுது பாரு. பக்கத்து வீட்டு ஆந்தைக்கும் அப்படித்தான், நான் பாத்திருக்கேன்."

அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'பல் தேய்' என்று பத்து முறை சொன்னால் காதில் ஏறாது. வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் வேதவாக்கு! பிள்ளைகள் நம்மை எந்த இடத்தில் நம்புவார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒட்டகத்துக்கும் ஆந்தைக்கும் மூன்று இமையாம். பெற்றவளுக்கு இரண்டுதான் — ஒரு வாரமாக அந்த இரண்டும் மூட மாட்டேன் என்கின்றன.