பாதிப் போத்தல் சளி

காத்திருப்பது எனக்கு ஆகாது. என்னைக் கொண்டுபோய்ப் பதுளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் போட்டார்கள். அங்கே வேலையே காத்திருப்பதுதான். கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டி, ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பிறகு அமிலத்தால் கழுவினால் மற்றக் கிருமிகள் சிவப்பை விட்டுவிடும். காசநோய்க் கிருமி விடாது. கடைசியில் நீலச் சாயம் ஊற்றிப் பார்த்தால், நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாக அது தெரியும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஜன்னலுக்கும் மேசைக்கும் பத்து நடை நடந்துவிடுவேன்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இருமலோடு வந்தாள் ஒருத்தி. மடியில் நான்கு மாதக் குழந்தை. அவள் போத்தலில் கொண்டுவந்த சளியில் சிவப்புக் குச்சிகள் இருந்தன. அப்படியே எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அவளை வார்டில் சேரச் சொன்னார். குழந்தையைப் பிரித்து வைக்கவேண்டும், பால் கொடுக்கக் கூடாது. வாசலில் அவளும் அழ, குழந்தையும் அழ, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தகட்டை மறுபடி பார்த்தேன். குச்சிகளோடு வெற்றிலைத் துணுக்குகளும் கிடந்தன. அவள் பற்களிலோ வெற்றிலைக் கறையே இல்லை.

"இது உம்மடை சளிதானே?" என்று கேட்டேன்.

"பாதி என்னதுங்கய்யா. அர போத்தல் வேணும்னு தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயா சொன்னாரு. எனக்கு அவ்வளவு வரல. பக்கத்துக் காம்பரா அக்காதான் மிச்சத்தத் துப்பிக் குடுத்தாங்க. நிறுவைல கொழுந்து கொறஞ்சா ஒரு கை அள்ளிப் போடுவாங்கல்ல, அப்புடித்தாங்க."

கையிலிருந்த துணியை மேசையில் எறிந்தேன். கோபம் அவள்மேல் இல்லை. சாயம் கிருமியைத்தான் பிரித்துக் காட்டும், ஆளைக் காட்டாது. போத்தலை வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்க எனக்குத்தான் பொறுமை இருக்கவில்லை.

என் கண் முன்னாலேயே அவளைத் துப்ப வைத்துப் பார்த்தேன். நீலம் மட்டும். அடுத்த இரண்டு நாளும் நீலம் மட்டும்.

லயத்தில் அடுத்த அறையில் இருந்த அந்த அக்காவுக்கு ஆள் அனுப்பினோம். நான்காம் நாள் பஸ்ஸில் வந்தார். போத்தலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"இந்தத் தடவ யாருதும் சேக்கலங்க" என்று இருமிக்கொண்டே சிரித்தார்.

அந்த ஐந்து நிமிடமும் நான் மேசையை விட்டு அசையவில்லை. தகடு முழுக்கச் சிவப்புக் குச்சிகள். அவரிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமி முடித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப, அந்தப் புள்ளைக்கு அவ பால் குடுக்கலாங்களா?"