பால் கேனோடு ஒரு சைக்கிள் சங்கம்

"இருவத்தெட்டு வருசமா மிதிக்கிறவன் நானு. பிளெக்சுல மூஞ்சி மட்டும் அவன் மூஞ்சியா?"

போடி பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் சங்கத்தின் பிளெக்ஸ் ஏறிய நாளிலிருந்து விஜயபாண்டி இதைச் சொல்லாத இடமில்லை. பால் ஊற்றும் வீடுகளில் சொன்னார். பால் வாங்காத வீடுகளிலும் நின்று சொன்னார். பிளெக்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டு, கியர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருடைய சகலை, ஏலக்காய் வியாபாரி முத்துக்கிருஷ்ணன். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத சைக்கிள். சிலமலையிலிருந்து தினமும் இரண்டு பால் கேனோடு மிதிக்கிறவருக்கு வயிறு எரியாதா?

எரிந்த வேகத்தில் அவரும் சங்கத்தில் சேர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை மலையடிவாரத்துல முந்தல் வரைக்கும் போறோம்ணே. மொத ஆளா வர்றவங்க படந்தான் அடுத்த பிளெக்சுல," என்றார் செயலாளர் ஷீலா.

விஜயபாண்டி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தார்.

ஞாயிறு காலை பால் ஊற்றி முடித்து, கேன்களைக் கழற்றிவிட்டு ஏறினால் ஹேண்டில் வெடவெடவென்று ஆடியது. சுமையோடு பழகிய கை, வெறும் வண்டிக்கு வணங்கவில்லை. தெருமுனைக்குள் இரண்டு தடவை சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டு கேனிலும் தண்ணீரை நிரப்பி மாட்டினார். வண்டி நேரானது.

"என்ன சகலை, முந்தல்ல யாருக்குப் பாலு?" என்று மணியடித்தபடி முத்துக்கிருஷ்ணன் சர்ரென்று கடந்தார். கடந்தது கடந்ததுதான்.

விஜயபாண்டி கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது, மலையேறும் ஜீப்புகளின் நிழலில் முதல் ஆள் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தார். பாரம் என்று தண்ணீர் பாட்டிலைக்கூட வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்.

"சகலை... கொஞ்சம் தண்ணி..."

விஜயபாண்டி கேன் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். ஷீலா செல்போனை நீட்டினார். விஜயபாண்டி அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டார்.

புதன்கிழமை புது பிளெக்ஸ். அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் முத்துக்கிருஷ்ணன், ஆறடி உயரத்துக்கு. ஓரத்தில் மூடியைச் சாய்க்கும் ஒரு கை, முழங்கை வரைக்கும்.

மனைவி ஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, ஒங்க கையும் வந்திருக்குல்ல! இஸ்திரி மடிப்புகூடத் தெரியுது. எங்க மச்சானுக்குத்தான் என்னா களை!"

"சிரிடி, நல்லா சிரி. அடுத்த வாரமும் ரெண்டு கேனோடதான் போறேன். தண்ணியில்ல, ரெண்டுலயும் மண்ணை அள்ளி நெரப்பிக்கிட்டுப் போறேன். என் வண்டியும் ஆடாது, ஒங்க மச்சான் எதைக் குடிச்சுட்டு எந்திரிச்சு நிக்கிறான்னு நானும் பாக்குறேன்!"