முப்பத்தெட்டுப் பேரும் ஒரு பஸ்ஸும்

நாற்பத்தொரு வயதுவரை ஓல்வென் பிராசர் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. புருஷன் இட்ரிஸ் நிலக்கரி வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினான். இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டு வருஷத்தில், நுரையீரல் முழுக்கத் தூசி, இனிச் சுரங்கத்தில் இறங்கக்கூடாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கும் ஹெலிக் பள்ளத்தாக்கின் மேலூரில் அவனைப்போல முடங்கியவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

நாலு மைல் கீழே புதிதாக ஒரு ஸ்விட்ச் தொழிற்சாலை. உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆள் தேவை என்ற பலகை மாதக்கணக்காகத் தொங்கியது. ஓல்வென் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரித்தாள். ஷிப்ட் ஏழரைக்கு, முதல் பஸ் எட்டேகாலுக்கு, அதனால் மேலூரில் ஆள் கிடைக்காது என்று தொழிற்சாலைக்கு எழுதி அனுப்பியாயிற்று என்றார் குமாஸ்தா. பஸ் கம்பெனியிலோ, ஏற ஆளில்லாமல் விடியற்காலையில் வண்டி விட முடியாது என்றார்கள்.

அவள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர் எழுதினாள். பெண்கள் இருபத்தொன்பது, தூசிக்காரர்கள் ஒன்பது.

"பட்டாளம் திரட்டுறியா?" என்றான் இட்ரிஸ்.

"ஆமா. நீயும் அதுல ஒருத்தன். பூட்ஸத் தேடு."

மார்ச் மாதத் திங்கட்கிழமை, தூறலில், ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். ஆண்களுக்கு மூச்சு வாங்கியபோதெல்லாம் பெண்கள் தலைத்துணியைச் சரிசெய்வதுபோல நின்றார்கள். ஏழேகாலுக்கு வாசலை அடைந்தார்கள். மானேஜர் ஸ்டானர்ட் காரிலிருந்து இறங்கித் திகைத்து நின்றார்.

"மேலூர்ல ஆளே கிடைக்காதுன்னு உங்களுக்கு எழுதினாங்களாமே. எண்ணிக்குங்க சார்," என்றாள் ஓல்வென்.

பெண்கள் சரி, இது விரல்வேலை, ஆண்களுக்கு வராதே என்று அவர் இழுத்தார்.

"சுரங்க இருட்டுல மல்லாந்து படுத்து, முட்டுக்கட்டைக்கு ஆப்பு அடிச்ச கை சார் இது. வெளிச்சத்துல உக்காந்து திருகாணி முடுக்காதா?" என்றாள் ஓல்வென், இட்ரிஸின் கையைக் காட்டி.

ஒரு வாரம் பார்ப்போம் என்றார் அவர். அந்த வாரம் முழுக்க நடந்தே வந்தார்கள். ஒருவர்கூட ஒருநாளும் தாமதமில்லை. வெள்ளிக்கிழமை ஸ்டானர்ட் அவளை உள்ளே கூப்பிட்டு, அவள் எதிரிலேயே பஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் வேலை நிரந்தரமென்று சொல்லி, வண்டி கேட்டார்.

அடுத்த திங்கள் ஆறே முக்காலுக்கு மேலூரில் பஸ் வந்து நின்றது. கோடைக்குள் இரண்டாவது பஸ்ஸும் விட்டார்கள். இட்ரிஸ் திருகாணி முடுக்கும் மேஜையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தான். ஓல்வென் அவன் வேலை பார்த்த கூடத்துக்கே மேற்பார்வையாளரானாள். புதிதாகச் சேருபவர்களிடம் அவள் முதலில் கேட்டது, எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்பதைத்தான்.