மோந்து ஊற்ற ஆள் இல்லை

குருவிகுளம் பக்கத்துப் பருத்திக்காடுகளில் மருந்தடிக்கும் மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கியபோது மூக்காண்டிக்கு மீசை கூட முழுதாக அடர்ந்திருக்கவில்லை. கிராமத்து இளைஞர்கள் சுயதொழில் செய்ய அரசாங்கம் கொடுத்த பயிற்சியில் தேறியவன். மிஷினும் அவர்கள் கொடுத்ததுதான். இனி கூலிக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டாம், நிலம் வைத்திருக்கும் காட்டுக்காரர்களே தேடி வருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வரவும் செய்தார்கள். மருந்து கலக்கிக் கொடுக்க மனைவி தங்கத்தாய் கூடவே போவாள்.

ஒன்றை மட்டும் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை; சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். காட்டுக் கிணற்றின் மோட்டார்த் தொட்டியில் மூக்காண்டியைப் போன்ற கீழத்தெருக்காரர்கள் குடத்தை முக்கக் கூடாது. காட்டுக்காரரின் ஆள் வாளியில் மோந்து எட்ட நின்று ஊற்றுவான். தங்கத்தாய் குடத்தை ஏந்தி வாங்க வேண்டும்.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஆறுமுகச்சாமியின் காட்டில் மிஷினின் அடிப்பக்கம் விட்டுப்போனது. மருந்து மூக்காண்டியின் முதுகிலும் இடுப்பிலும் வழிந்தது. மிஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் ஓடி வந்தான்.

"ஏட்டி, தண்ணி ஊத்தச் சொல்லு. எரியுது."

ஆறுமுகச்சாமி பதறிப்போனார். "ஏலே இசக்கிப்பாண்டி, வீட்ல கோமதியம்மன் புத்துமண்ணு இருக்கு. வெரசா எடுத்துட்டு வா. வெசத்த அப்படியே இழுத்துரும்."

தண்ணீர் மோந்து ஊற்றுகிறவனே இசக்கிப்பாண்டிதான். அவன் ஓடிவிட்டான்.

"மொதலாளி, மொதல்ல தண்ணி ஊத்தணும். மேல பட்டா உடனே கழுவணும்னு பயிற்சில சொல்லிருக்காக."

"பொறு தாயி. இந்தா வந்துருவான்."

தங்கத்தாயின் குடத்துத் தண்ணீர் மருந்து கலக்கியதிலேயே தீர்ந்திருந்தது. தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. வாளி அவர் காலடியில் கிடந்தது. தங்கத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். இரக்கம் இருந்தது, கண்கூடக் கலங்கியிருந்தது. குனிந்து ஒரு வாளி மோந்து ஊற்றலாம் என்பது மட்டும் அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. ஒரு உயிருக்கும் ஒரு வாளித் தண்ணீருக்கும் நடுவே நின்றது பாம்பா, பள்ளமா? ஒன்றுமில்லை. வெறும் வழக்கம்.

மண் வந்தது. மோந்த முதல் தண்ணீர் அதைக் குழைக்கப் போனது. பயிற்சியில் தேறிய மூக்காண்டி, தன் கையாலேயே அதை வாங்கி உடம்பெல்லாம் அப்பிக்கொண்டான். எண்ணெய்ப் பிசுக்காக இருந்த விஷத்தின் மேல் மண் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் நுரைத்தது. முழங்கால் மடங்கியது.

தங்கத்தாய் வாளியை எடுத்தாள்.

"ஏளா, தொடாத."

அவர் குரலில் கோபம் இல்லை. மாட்டை அதட்டுகிறவன் குரல் போலத் தன்னால் வந்தது. அவள் தொட்டிக்குள் வாளியை முக்கினாள். ஊற்றினாள். மறுபடியும் முக்கினாள். மண் கரைந்து கரிசலில் ஓடும்வரை நிறுத்தவில்லை.

வண்டி பூட்டியவர் ஆறுமுகச்சாமிதான். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மண்ணை யாரும்மா பூசுனது?" தங்கத்தாய் புருஷனைப் பார்த்தாள்.

உயிர் மிஞ்சியது. வலது கை நடுக்கம் நிற்கவே இல்லை.

மிஷினை எடுக்கக் காட்டுக்குப் போனவள் தொட்டி காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். உள்ளே புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

"மருந்து கலந்துட்டுல்லா தாயி" என்றார் ஆறுமுகச்சாமி.

"மருந்து மண்ணுலல்லா ஓடுச்சு. தொட்டிக்குள்ள ஒங்க வாளி மட்டுந்தான மொதலாளி போச்சு?"

மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் அழாதவள் அந்தச் சுண்ணாம்பைப் பார்த்து விக்கி விக்கி அழுதாள்.

பயிற்சி தந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். "கழுவறதுக்கு நீங்களே தண்ணி கொண்டுபோயிருக்கலாமே" என்றார் அவர். படித்தவர்.

அடுத்த மாதம் ஓட்டை அடைத்த மிஷினைத் தங்கத்தாயே தோளில் மாட்டினாள். சங்கரசுப்பு என்ற காட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். காட்டுக்குப் போனதும் மிஷினை வரப்பில் இறக்கிவைத்துவிட்டு அவள் கேட்டாள்: "தொட்டியில நானே மோந்துக்கிடலாமா?"

"அதுக்குத்தான் ஆள் இருக்கே."

"அப்ப வேற ஆளப் பாருங்க."

"ஏ பிள்ள, திமிரா பேசாத. புழு காயத் தொளைக்குது."

"தொளைக்கட்டும் அண்ணாச்சி. நான் இங்கன உக்காந்துருக்கேன்."

அவர் பருத்திச் செடிகளைப் பார்த்தார். சுற்றிலும் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மோந்து தொலை" என்றார்.

தங்கத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.