பஜனைக்கு வந்த ஆம்ப்

ஜொகூர் பாருவில் எங்கள் கோயில் பஜனையில் நான் கித்தார் வாசிக்கிறேன். என் எரிச்சலுக்கெல்லாம் காரணம் கித்தாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்தான். முதலில் வாங்கிய பெரியது மிருதங்கத்தையே விழுங்கியது. அடுத்தது பாட்டு நின்ற பிறகும் வண்டுபோல் இரைந்தது. சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி மடியில் வைத்துக் கொண்டுவந்ததோ, நாமாவளியை ராக் கச்சேரியாக்கியது. முன்னால் பாடும் அக்கா, கண்ணைத் திறக்காமலே, குறைக்கச் சொல்லிக் கை காட்டுவார்.

பிறகு நண்பர் ஒருவரிடமிருந்து பழைய, சிறிய மரப்பெட்டி ஆம்ப் ஒன்று கிடைத்தது. தந்தியைத் தொட்டால் தந்தியின் சத்தம் மட்டுமே வந்தது. தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசையே அதற்கு இல்லை. அன்று அக்காவின் கை உயரவேயில்லை.

சுண்டல் கொடுக்கும்போது கேட்டார்: “கித்தார் இன்னைக்கு நல்லா இருந்துச்சு லா தம்பி. ஆம்ப் எடுத்துட்டு வரலையா?”

என் முதுகுக்குப் பின்னால் அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.